அடுத்த விக்கல் வருவதற்குள்

1

இந்தக் கதை எனக்குள் தோன்றியதல்ல. கைபேசியில் வந்து விழுந்தது. யாரோ அனுப்பிய ஒரு வீடியோ. ஒரு வீட்டின் நடைவழி, அதன் கோடியில் பாதி திறந்த குளியலறைக் கதவு, அதன் வாசலில் ஒரு ஜோடி செருப்பு. வேறொன்றும் இல்லை. ஆளில்லை, இசையில்லை. இதில் என்னதான் இருக்கிறது என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு விக்கல். ஒரே ஒரு 'ஹிக்'. கைபேசி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். தூக்கிவாரிப் போட்டதில் நாக்கைக் கடித்துக்கொண்டு, சில நாட்கள் காரமாக எதையும் வாயில் வைக்க முடியவில்லை.

நான் எழுதிப் பிழைக்கிறவன். ஒரே ஒரு வாக்கியத்தால் யாரையாவது இப்படி நாற்காலியிலிருந்து தள்ளிவிட வேண்டும் என்று காலமெல்லாம் ஆசைப்பட்டிருக்கிறேன். அதிகபட்சம், படித்தவர் கொட்டாவி விட்டதைத்தான் பார்த்திருக்கிறேன். வயிற்றெரிச்சலில் வீடியோ எடுத்தவரைத் தேடிப் பிடித்தேன். ஒரு பிற்பகல் அவர் வீட்டுக்குப் போய், அதே நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் கேட்டேன். விக்கலுக்குச் சொந்தக்காரரான அவருடைய அக்கா அப்போது வீட்டில் இல்லை. எழுதியதைப் பகுதி பகுதியாக அக்காவுக்கு அனுப்பினேன். அவர் கைபேசியில் தட்டி அனுப்பிய திருத்தங்களை அங்கங்கே அடியில் வைத்திருக்கிறேன். நான் சொல்வதும் அவர் சொல்வதும் இடித்தால் அவரை நம்புங்கள்.

தொடக்கத்தை முதலில் இப்படி எழுதிப் பார்த்தேன்:

[அந்த வீட்டில் ஒரு பேய் இருந்தது. அதற்கு விக்கல்.]

நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பொய். அடுத்தது:

[மனித குல வரலாற்றில் பயத்துக்கும் விக்கலுக்கும் உள்ள உறவு மிகத் தொன்மையானது. ஆதிமனிதன் ஒருநாள் குகைக்குள்]

உள்ளே போனவன் திரும்பி வரவில்லை. பேசாமல் நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

2

அவனை எல்லோரும் பூச்சாண்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். (நேரில் 'நீங்க' என்றுதான் பேசினேன். கதைக்குள் வந்தபின் 'அவன்'. கதையில் எல்லோருக்கும் மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் பயம் வராது.) ஆட்களைத் திடுக்கிட வைப்பதுதான் அவன் தொழில். எல்லாம் சின்னச் சின்ன வீடியோக்கள். காலி நாற்காலி, சரியாக மூடாத அலமாரி, சொட்டுகிற குழாய். பார்த்துக்கொண்டே இருக்கும்போது சட்டென்று ஒரு முகம். அவ்வளவுதானே என்று கேட்டேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"முகம் யார் வேணும்னாலும் காட்டலாம் சார். டமால்னு ஒரு சத்தம் வச்சா மாடுகூடத் துள்ளும். வேலை அதுக்கு முன்னாடி இருக்கு."

அந்த 'முன்னாடி'யைத்தான் அவன் வருடக்கணக்காகச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். படத்தில் ஒரு மூலையைக் காலியாக விடவேண்டும். பார்க்கிறவர் கண் தானாகப் போய் அங்கே நின்றுகொள்ளும். பிறகு, பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜ் இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சத்தம் நின்றது அவருக்குத் தெரியாது. என்னவோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். அப்புறம் ஒரு தடவை ஏமாற்ற வேண்டும். கதவு அசைகிறது, வருவது துண்டு காயப்போட வந்த ஆள். பார்க்கிறவர் சிரிப்பார், மூச்சை விடுவார், தோள் இறங்கும்.

"அந்தத் தோள் இறங்குது பாருங்க, அங்க வைக்கணும். கொஞ்சம் முன்னாடி வச்சா அவர் தயாரா இருப்பார். கொஞ்சம் பின்னாடி வச்சா எழுந்து தண்ணி குடிக்கப் போயிடுவார்."

எந்த நொடி என்பதை அவன் கண்டுகொண்டது அக்காவின் தோளைப் பார்த்துத்தான். அக்காதான் அவனுடைய முதல் பார்வையாளர். காலிங் பெல்லுக்கே துள்ளுகிறவள். அவள் திரையைப் பார்ப்பாள், அவன் அவளைப் பார்ப்பான். அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். வந்து உட்காருகிறவரிடம் ஊர்க்கதை ஏதாவது கேட்பாள். அவர் பதில் சொல்லி மூச்சு விடும்போது ஊசி உள்ளே போயிருக்கும். அதே தோள், அதே நொடி. தம்பி அங்கே பயத்தை வைக்கிறான். அக்கா அங்கே வலியை ஒளிக்கிறாள்.

(இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு காபி குடித்தேன். அவ்வளவு திருப்தி.)

* அக்காவின் செய்தி: "ஒளிக்கறதெல்லாம் இல்லீங்க. சீக்கிரம் முடிச்சா அடுத்த ஆளக் கூப்பிடலாம், அவ்வளவுதான். அப்புறம், அவனுக்கு 'அவன்' போட்டீங்க சரி. எனக்கும் 'அவள்'தானா? லேப்ல எல்லாரும் மேடம்னு கூப்பிடுவாங்க."

3

இனி அக்காவுக்கு 'அவர்'.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூச்சாண்டி புதிதாக எடிட் செய்த வீடியோவை அக்காவிடம் காட்டினான். அக்கா வாய் நிறையத் தண்ணீரோடு பார்த்துக்கொண்டிருந்தார். காலி நாற்காலியில் முகம் வந்த நொடி அக்கா துள்ளினார். தண்ணீர் போகக்கூடாத வழியில் போனது. இருமல், அதன் பின்னால் ஒரு விக்கல். அவனுக்குப் பரம சந்தோஷம். இந்த நாற்காலி கண்டிப்பாக ஓடும் என்றான்.

விக்கலும் ஓடியது. சர்க்கரையை நாக்கில் வைத்தார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கவைத்தார்கள், குனியவைத்தார்கள், நிமிரவைத்தார்கள். மறுநாளும் நிற்கவில்லை. அடுத்த வாரமும் நிற்கவில்லை. டாக்டர் தொண்டையையும் வயிற்றையும் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், மாத்திரை கொடுத்தார். கடைசியில், "பயப்பட ஒண்ணுமில்லம்மா" என்றார்.

"பயப்பட ஒண்ணுமில்லாததுதான் டாக்டர் பிரச்சினையே" என்றார் அம்மா.

அம்மாவின் அடுத்த கணக்கு, யாரோ அக்காவை விடாமல் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது. இதைக் கேட்ட அத்தானின் முகம் வாடிப்போனது. அக்காவின் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, பரம சாது. "ராத்திரி பகலா நினைக்கிறது யாரு அத்தை?" என்று மட்டும் கேட்டார். அவர் நிம்மதிக்காகவே அம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். "எங்க பொண்ண நினைச்சுக்கிட்டிருக்கீங்களா? கொஞ்சம் நிறுத்திக்கோங்களேன், புண்ணியமாப் போகும்." அதுவரை ஒருவரும் நினைக்கவில்லை. போன் வந்த பிறகு அவர்களால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அன்று மாலை விக்கல் இரண்டு மடங்கானது.

வேலையிடத்தில் அக்கா சமாளித்துக்கொண்டுதான் இருந்தார். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவரிடம் அன்பாகச் சொல்வார்: "பயப்படாதீங்க. அடுத்த விக்கல் வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன்." ஒரு தடவைகூடக் கை பிசகவில்லை. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டுப் பயப்படாமல் இருப்பது எளிதா? தொடை மாதிரி கை வைத்திருந்த ஒரு உடற்பயிற்சி மாஸ்டர், ஊசி கிட்டே வருமுன்பே மயங்கி அக்காவின் மடியில் சாய்ந்தார்.

பரிசோதனை நிலையத்தின் மேலாளர் அம்மா குரலை உயர்த்தாதவர். அக்காவை ஊசி நாற்காலியிலிருந்து எழுப்பி, ரத்தக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டும் மேசையில் உட்காரவைத்தார். "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்மா. அப்பவும் நிக்கலைன்னா அந்த இடத்துக்கு வேற ஆள் போடணும்."

அக்கா வீட்டுக்கு வந்ததும், அழுக்கே ஆகாத சீருடையைத் துவைத்துக் காயப்போட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா மகன் பக்கம் திரும்பினார்.

"நீ வச்ச விக்கல்டா. நீயே எடு."

4

திடுக்கிட வைத்தால் விக்கல் நின்றுவிடும் என்பது எல்லோரும் சொல்லும் வைத்தியம். திடுக்கிட வைப்பதே பிழைப்பாக இருப்பவன் வீட்டில் இருக்கிறான். இதைவிட வசதி என்ன வேண்டும்?

முகமெல்லாம் வெள்ளைப் பவுடர் பூசிக்கொண்டு பூச்சாண்டி அக்காவின் துணி அலமாரிக்குள் நின்றான். அக்கா வந்தார், கதவைத் திறந்தார், ஒரு விக்கல் விக்கினார். "அந்தச் சட்டையெல்லாம் இப்பத்தான் அயர்ன் பண்ணினது. கசக்காத." கதவை மூடிவிட்டுப் போனார். அவன் உள்ளேயே இருந்தான்.

மேசைக்கு அடியில், குளியலறை ஜன்னலில், சோபாவின் பின்னால் என்று எங்கெங்கோ முளைத்தும் அக்கா அசையவில்லை. யோசித்தபோது அவனுக்குக் காரணம் பிடிபட்டது. சில மூச்சுக்கு ஒருமுறை சொந்த உடம்பே தூக்கிப் போடுகிற ஒருத்தரை வெளியிலிருந்து வரும் எது தூக்கிப் போடும்? முகத்தால் ஆகாது, சத்தத்தால் ஆகாது. காத்திருக்க வைக்க வேண்டும்.

"அக்கா, இந்த வாரத்துல ஒரு நாள் உன்னைப் பயமுறுத்துவேன். எப்பன்னு சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு அவன் ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் திட்டம். நிசப்தம் வேண்டுமென்று ஃபிரிட்ஜைக்கூட நிறுத்தினான், பால் திரிந்தது. பயம் வந்தது, ஆனால் முகவரி மாறி வந்தது. அத்தான் ஃபிரிட்ஜைக் குடையின் நுனியால் திறக்க ஆரம்பித்தார். அம்மா ஒவ்வொரு அறைக்குள் நுழையும்போதும், உள்ளே இருப்பது எதுவானாலும் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று இருமிவிட்டு நுழைந்தார். வாஷிங் மெஷினைப் பழுதுபார்க்க வந்தவர், அந்த வீட்டில் எல்லோரும் சுவரோரமாக, ஒரு வார்த்தை பேசாமல் நடப்பதைப் பார்த்தார். பாதி கழற்றிய மெஷினையும் தன் பையையும் அப்படியே போட்டுவிட்டுப் போனார். பையை எடுக்க வேறொருவரைத்தான் அனுப்பினார்.

அக்கா மட்டும் வயிறார உண்டு, நன்றாகத் தூங்கி, விக்கிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பூச்சாண்டி நடைவழியில் போய்க்கொண்டிருந்தான். காதுக்கு மிக அருகில், பின்னாலிருந்து, 'ஹிக்'. அவன் போட்ட கூச்சலில் மேல்மாடிக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். அவன் பேயறைந்தவன் போலச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றான்.

"தண்ணி குடிடா" என்றார் அக்கா.

5

பூச்சாண்டி சுவரைவிட்டு நகருமுன்பே அவன் மண்டை வேலையைத் தொடங்கிவிட்டது. இந்தச் சத்தத்துக்கு ஏன் இவ்வளவு வலு? முன்னால் எத்தனை நேரம் அமைதி இருந்தது? தொழில் புத்தி அப்படித்தான். வீடு பற்றி எரிந்தாலும் வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று பார்க்கும். மறுநாள் காலை அக்கா பல் துலக்கப் போனபோது நடைவழியில் கேமரா இருந்தது, குளியலறைக் கதவின் பின்னால் ஒரு மைக் இருந்தது. அக்காவுக்குத் தெரியாது.

வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது. மாமியாரோடு உட்கார்ந்து பார்த்ததாகவும், பயத்தில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டதாகவும், கல்யாணமான நாளிலிருந்து இதுவே முதல் தடவை என்றும் ஒரு பெண் எழுதியிருந்தார். இன்னும் விக்கல் வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள்.

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. இவனை நல்லவனாக எழுதுவதா, கெட்டவனாக எழுதுவதா?

[பூச்சாண்டிக்கு அந்த விக்கல் நிற்கவே கூடாது என்று]

அடித்துவிட்டேன். பிறகு பூச்சாண்டிக்கே போன் செய்தேன். "அந்த நேரத்துல, அக்காவுக்கு விக்கல் நிக்கணும்னு உண்மையிலேயே நினைச்சீங்களா?"

மறுமுனையில் அமைதி. அமைதியை வைத்துப் பிழைக்கிறவர் என்பதால், நான் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டேன்.

"நினைச்சேன் சார்" என்றார் கடைசியில். "ஆனா அன்னைக்கே நிக்கணும்னு நினைக்கல."

இதைவிட நேர்மையாக என்னால் எழுத முடியாது. வீடியோ ஓடிக்கொண்டிருந்த வாரத்தில் அவன் அக்காவைப் பயமுறுத்திய விதமும் அப்படித்தான் இருந்தது. வாசலில் நின்று, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

6

லேபிள் மேசை ஒரு தடுப்புக்குப் பின்னால் இருந்தது. ரத்தம் கொடுக்கக் காத்திருந்த ஒரு பெண்மணி, தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்த விக்கலைக் கேட்டதும் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார். "அதே விக்கல். ஐயோ, இது அதே விக்கல்." காத்திருந்தவர்களில் பாதிப் பேர் அந்த வீடியோவைப் பார்த்திருந்தார்கள். சிலர் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியேறினார்கள். சிலர் தடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். நாற்காலியிலிருந்து இறங்கிய பெண்மணிதான் அக்காவிடம் கைபேசியை நீட்டினார். அக்கா முழுதும் பார்த்தார்.

மேலாளர் அம்மா மாசக் கடைசி வரை காத்திருக்கவில்லை. "நாளையிலிருந்து வீட்ல ரெஸ்ட் எடும்மா" என்றார், அதே மெல்லிய குரலில்.

பூச்சாண்டி கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அக்கா பையைத் தோளிலிருந்து இறக்காமலே அவன் முன்னால் வந்து நின்றார்.

"கதவு நம்ம கதவு. வாசல்ல கிடக்கிறது என் செருப்பு. விக்கல்?"

"உன்னுதுதான்."

"என்னைக் கேட்டியா?"

அவன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

"வேலை போச்சுடா." ஒரு விக்கல். "அதைக்கூட விடு. ஒரு வாரமா வாசல்ல நின்னு 'பே, பே'ன்னு சொல்லிட்டுப் போறியே, அப்பவே எனக்குத் தோணுச்சு." இன்னொரு விக்கல். "நீ மனசார பயமுறுத்தல."

திருட்டு என்று சொல்லியிருந்தால் அவன் ஏதாவது வாதாடியிருப்பான். மனசார பயமுறுத்தவில்லை என்று தொழிலில் அதுவரை யாரும் அவனைச் சொன்னதில்லை. அங்கேயே, அக்கா எதிரிலேயே வீடியோவை அழித்தான். அதற்குள் அது எங்கெங்கோ நகலாகிச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வந்ததும் அப்படி ஒரு நகல்தான். அக்கா அவன் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. அந்த வீட்டில் விக்கல் மட்டும்தான் பேசியது.

* அக்காவின் செய்தி: "பேச்சில்லைன்னு எழுதாதீங்க. 'தட்ட எடு'ன்னு சொன்னேன். ரெண்டு தடவை."

7

இனி முடிவு. பல முடிவுகளை எழுதி அக்காவுக்கு அனுப்பினேன்.

[தம்பி கண்கலங்கினான். அக்கா அவன் தலையைக் கோதினார். அந்த அன்பின் அதிர்ச்சியில் விக்கல் சட்டென்று]

அவர் பதில்: "தலை பூரா எண்ணெய் வச்சிருந்தான். நான் தொடவே இல்ல."

[அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று யாரோ போன் செய்ய, அக்கா பதறி ஓடி]

இதற்குப் பதில் அம்மாவிடமிருந்து, மகன் மூலமாக வந்தது. தன்னைச் சாகக் கிடக்க வைத்துத்தான் ஒருவர் கதை முடிக்க வேண்டுமென்றால் அவர் வேறு தொழில் பார்க்கலாம் என்று.

மூன்றாவது முயற்சியில் நானே இறங்கினேன். பூச்சாண்டியிடம் கேட்டதையெல்லாம் வைத்து, அமைதியான கடற்கரையைப் பற்றி ஒரு நீண்ட பத்தி எழுதினேன். மெல்ல மெல்ல அலையை நிறுத்தினேன், காற்றை நிறுத்தினேன், நடுவில் ஒரு நண்டை ஓடவிட்டுச் சிரிக்கவைத்தேன். கீழே, எதிர்பாராத இடத்தில், பெரிய எழுத்தில் ஒரு 'பே'.

அக்காவின் பதில்: "ரெண்டாவது வரியில எழுத்துப்பிழை இருக்கு."

ஆகவே நடந்ததையே சொல்கிறேன்.

8

மாசக் கடைசியன்று பூச்சாண்டி யாரிடமும் சொல்லாமல் மேலாளர் அம்மாவைப் பார்க்கப் போனான்.

"அக்காவுக்கு ஒரே ஒரு தடவை அந்த நாற்காலிய குடுங்க மேடம். வேற யார் கையிலயும் வேணாம். என் கையில குத்தட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

ஊரையே அலறவைக்கிறவனுக்கு ஊசி என்றால் ஆகாது. அக்கா படிக்கிற காலத்தில் பழகிப் பார்க்கக் கை கேட்டபோது, அம்மா நீட்டினார், பக்கத்து வீட்டுக்காரர் நீட்டினார்; இவன் மொட்டை மாடிக்கு ஓடியவன்.

"நீங்க கத்திட்டீங்கன்னா?" என்றார் மேலாளர்.

"கத்த மாட்டேன்."

"உங்க வீடியோவ நானும் பாத்தேன் தம்பி. நான் கத்திட்டேன்." சற்று யோசித்தார். "சரி, நானே அவங்கள வரச் சொல்றேன்."

அக்கா வந்தார். தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கையுறை மாட்டினார், அவன் புஜத்தில் பட்டையை இறுக்கினார், நரம்பைத் தேடினார். வாசலில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெயர்ச் சீட்டுகள் பறக்கின்றன என்று யாரோ மின்விசிறியை நிறுத்த, அறை சட்டென்று நிசப்தமானது. இது தன் வித்தை என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் பயன் இல்லை. அடுத்து என்ன வரும் என்பதையும் அறிந்தவன்தான். இருந்தும் மறு கை நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

ஒரு விக்கல். ஊசியின் மூடி கழன்றது. இன்னொரு விக்கல்.

"ஏன்டா என்னைக் கேக்கல?" என்றார் அக்கா, நரம்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கேட்டிருந்தா நீ நடிச்சிருப்பக்கா. நடிச்ச விக்கலுக்கு யாரு பயப்படுவாங்க?"

"போடா. கேட்டிருந்தா இன்னும் நல்லா விக்கியிருப்பேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்குமுன் ஊசி உள்ளே இருந்தது. அவனுக்கு வலிக்கவில்லை, குப்பியில் சிவப்பு ஏறுவதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டான். இப்போது எல்லோரும் அடுத்த விக்கலுக்காகக் காத்திருந்தார்கள். குப்பி கால்வாசி நிறைந்தது. பாதி நிறைந்தது. வாசலில் நின்றவர்கள் மூச்சுக்காட்டவில்லை. குப்பி நிறைந்தது, ஊசி வெளியே வந்தது, பஞ்சு வைத்தாகிவிட்டது. விக்கல் வரவில்லை. ஒருவரும் அசையவில்லை. அக்காவே வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, அது எங்கே என்று தேடுகிறவர் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்து மேலாளர் அம்மா பேனாவைக் கோட்டுப் பையில் குத்திக்கொண்டார். "அடுத்த ஆளக் கூப்பிடும்மா" என்றார்.

அக்காவுக்கு நாற்காலி திரும்பக் கிடைத்த கதை இதுதான். விக்கல் அதன் பிறகு வந்ததா? பூச்சாண்டியிடம் கேட்டேன். "அதச் சொன்னா கதையே செத்துப்போயிடும் சார்" என்றார், தொழில்காரரின் கண்டிப்போடு. அக்காவுக்கே செய்தி அனுப்பினேன். எழுத்தில் விக்கல் கேட்காது என்பது அவருக்கும் தெரியும்.

* அக்காவின் செய்தி: "இதெல்லாம் தட்டி அனுப்பினா நம்புவீங்களா? நேர்ல வாங்க. உக்காருங்க. ஊசிய எடுத்தா தெரிஞ்சிடப்போகுது."

நான் போகவில்லை. எனக்கும் ஊசிக்கும் உள்ள உறவைப் பற்றி இங்கே பேச இடமில்லை. அதனால் சீட்டில் உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். போய் உட்காருங்கள். மின்விசிறி நின்றிருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். அக்கா பட்டையை இறுக்குகிறார், மூடியைக் கழற்றுகிறார்.

முடிவு உங்கள் கையில்.